சஞ்சாரிக்குள் இருபது நிமிஷம்

முன்கண்ணாடி கிடைக்காது. இந்த ஒரு குறை போதும், மற்றதைப் பார்க்கவே வேண்டாம், இறங்கி வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னலாம் என்று நினைத்துக்கொண்டே மௌனிகா ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரைக் கிழித்துக் கண்ணாடி மூலையில் ஒட்டினாள். பெட்ஷீட் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷனில் பதினோரு மாதமாக அவளுக்கு இதுதான் வேலை. மேஜைமேல் துணி ஓடும், நூல் விட்டுப்போன இடம், எண்ணெய்க் கறை, தையல் பிசகு, எது பட்டாலும் அம்பு ஒட்ட வேண்டும், ஒட்டிவிட்டு அடுத்ததுக்குப் போய்விட வேண்டும். ஏன் பிசகியது, யார் தைத்தது என்றெல்லாம் யோசித்துக்கொண்டு நிற்கிறவள் செக்கிங்குக்கு லாயக்கில்லை. 'இவ கண்ணுக்குக் குறை மட்டுந்தான் தெரியும், இவளைக் கட்டப்போறவன் பாவம்' என்று சூப்பர்வைசர் அக்கா சொல்லும். மௌனிகா என்று பெயர் வைத்தது அப்பா. வைத்த நாளிலிருந்து இவள் வாய் மூடியதில்லை என்று சொல்லிச் சிரிப்பதும் அப்பாதான். அந்த அப்பா இப்போது வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்திருக்கிறார், பக்கத்தில் இஸ்மாயில் பாய், இரண்டு ஜோடிக் கால் மட்டும் வெளியே தெரிகிறது. கரூர் பைபாஸ் ஓரம் பாயோட பஸ் பாடி கட்டுகிற ஷெட். சுற்றிலும் தகரம் போடாத பஸ்கள் எலும்பும் தோலுமாக நிற்க, நடுவில் வெள்ளையும் நீலமுமாக இந்த ஒன்று மட்டும் திரை போட்ட ஜன்னலோடு, விருந்தாளி மாதிரி. கேரவன். சினிமாக்காரர்கள் ஷூட்டிங்கில் வைத்திருப்பார்களே, அது. ஆனால் இது சினிமாவுக்கு இல்லை, குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறவர்களுக்கு என்று ஒரு கம்பெனி செய்தது, பெயர் 'சஞ்சாரி', ஊர் சுற்றுகிறவர்கள் வாங்கவில்லை போல, கம்பெனி நிறுத்திவிட்டது. 'டிரைவரண்ணா, உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன்' என்றுதான் பாய் ஆரம்பித்தார். 'மாடல் நிறுத்தி ஏழு வருசம் ஆச்சு. என்ஜின் லாரி என்ஜின், எந்த ஊர்லயும் கை வைப்பான். முன்கண்ணாடி ஒடஞ்சாத்தான் வண்டி மொடங்கிப் போயிரும். ஒரே வளைவு, அச்சே இப்ப யார்கிட்டயும் இல்ல. பன்னெண்டு மணிக்கு ஊட்டியில இருந்து பார்ட்டி வருது, ஓரிடத்துல நிறுத்தி ரூம் மாதிரி வாடகைக்கு விட. அவங்களுக்குக் கண்ணாடி ஒடஞ்சா என்ன, ஒடையாட்டி என்ன. உங்களுக்கு ஓட்டோணும். அதனால நல்லா யோசிச்சு அதுக்குள்ள சொல்லிருங்க.' அப்பா உடனே இவள் பக்கம் திரும்பி, 'நீ ஏறிப் பாரு கண்ணு. நீ சொல்றதுதான்' என்றார். சொல்கிறது என்ன, அதுதான் ஒட்டியாயிற்றே. மணி பதினொன்று நாற்பது.

நான் சொல்றதுதான். ஏன் நான்? காசு இவளுடையதாம். காலேஜுக்கு என்று எடுத்து வைத்தது. பிளஸ் டூ முடிந்ததும் இவள் நடுவீட்டில் நின்று 'எனக்குப் படிப்பு வரல, வராததுக்குக் காசு கட்டாதீங்க' என்று சொல்லிவிட்டாள், அது இரண்டு நாள் சண்டை, மூன்றாம் நாள் அப்பா 'நெசத்தச் சொல்றவளை என்ன பண்றது' என்று விட்டுவிட்டார். அன்றையிலிருந்து அந்தப் பணத்துக்கு ஒரு வேலையும் இல்லை, பாங்கில் சும்மா படுத்துக் கிடந்தது. இப்போது நிறுத்தின மாடலுக்குப் போகப்போகிறது. படிப்பை நிறுத்தினவள், நிறுத்தின வண்டி; அத்தை பையன் சுதாகர் நேற்றே சொல்லிவிட்டான், 'ரெண்டுக்கும் ஸ்பேர் கெடைக்காது பாரு' என்று. போடா. கையலம்பும் தொட்டிக்குக் கீழே ரப்பர் வெடித்திருக்கிறது, ஒரு அம்பு. மடக்குக் கட்டிலின் கீல் ஒன்று வேறு சாதி ஆணி, ஒரு அம்பு. கூரையில் ஒரு ஜன்னல், அதைத் திறந்தால் வானம் சதுரமாகத் தெரிகிறது, அதில் குறை தேடிப் பார்த்தாள், இல்லை. பின்னால் நீள சோபாவில் அம்மா உட்கார்ந்திருந்தாள், நுனியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு. வசந்தாமணிக்கு எந்த இருக்கையிலும் முழுசாக உட்காரத் தெரியாது, அடுத்தவர் வந்து 'இது என் சீட்' என்று சொல்லிவிடுவார்களோ என்கிற மாதிரி ஒரு ஓரம். 'நல்லாருக்காம்மா?' என்றாள் மௌனிகா. 'எனக்கென்ன தெரியும். உங்கப்பா ஆசை. எனக்கெதுக்கு இதெல்லாம்' என்று அம்மா திரைத்துணியை இரண்டு விரலால் தடவினாள். எனக்கெதுக்கு. புதுச் சேலை எனக்கெதுக்கு, தீபாவளிப் பலகாரத்தில் முந்திரி எனக்கெதுக்கு. எல்லாவற்றுக்கும் இதே பாட்டு.

அம்மாவோட கைப்பையில் நீல மூடி போட்ட ஸ்டீல் பாட்டில் இருக்கும். எங்கே போனாலும் இருக்கும், நிறையத் தண்ணீரோடு. இவளுக்கு, அப்பாவுக்கு, பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக் குழந்தைக்கு, யாருக்கு விக்கல் எடுத்தாலும் அம்மா மூடியைத் திருகி நீட்டுவாள். அவள் குடிக்க மாட்டாள். மறுநாள் பயணம் என்றால் முந்தின நாள் சாயங்காலமே நிறுத்திவிடுவாள், காலையில் காப்பியும் கிடையாது, உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டே போய் வருவாள். சின்ன வயதில் மௌனிகா அதை விரதம் என்று நினைத்திருந்தாள். விரதம் இல்லை, பயம். ஒன்றுக்குப் போகிற பயம். இடம் இருக்காது, இருந்தால் கதவு இருக்காது, கதவு இருந்தால் தாழ்ப்பாள் இருக்காது. கல்யாண மண்டபங்களில், பஸ் ஸ்டாண்டுகளில், கோயில் பின்பக்கத்தில், எத்தனை கதவை இவள் வெளியே நின்று காலால் அழுத்திப் பிடித்திருக்கிறாள். உள்ளேயிருந்து அம்மா குரல் வரும், 'இருக்கியா கண்ணு?' இவள், 'இருக்கேன்.' அரை நிமிஷம் போகும். 'இருக்கியா?' 'இருக்கேன்மா, நான் எங்க போகப்போறேன்.' வாளி கவிழ்கிற சத்தம். மறுபடி, 'இருக்கியா?' ஒரு தடவை வேண்டுமென்றே பதில் சொல்லாமல் இருந்து பார்த்தாள், ஆறு வயதோ ஏழு வயதோ, அம்மா பாதிச் சேலையோடு வெளியே வந்துவிட்டாள், முகம் வெளுத்து. அடிக்கவில்லை. அடித்திருந்தால் மறந்துபோயிருக்கும். அந்த முகம் இன்னும் எங்கேயோ சிக்கிக்கொண்டு கிடக்கிறது, துணியில் முடிச்சு விழுந்தால் ரோலர் இழுக்க இழுக்க அங்கேயே நிற்குமே, அப்படி. சனியன், இதை இப்போது ஏன் நினைக்க வேண்டும். கதவுப் பிடி லொடலொட, ஒரு அம்பு.

அப்பாவுக்கு இது ரொம்ப வருஷம் தெரியவே தெரியாது. அதுதான் வேடிக்கை. குழந்தைவேல் முப்பது வருஷம் கரூர் திண்டுக்கல் தனியார் பஸ் ஓட்டியவர், ஒரு நாளைக்கு ஆறு நடை, எத்தனை ஆயிரம் பொம்பளைகளை ஏற்றி இறக்கியிருப்பார். டீக்கடையில் நிறுத்தினால் ஆம்பளைகள் இறங்கி வேலியோரம் போய்விட்டு வருவார்கள், பொம்பளைகள் சீட்டிலேயே ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். கூச்சம் என்று நினைத்திருந்தாராம், அத்தனை வருஷமும். இவள் ஆறாவது படிக்கும்போது ராமேஸ்வரம் போனார்கள், அப்பா லீவு போட்டு, முதல் தடவையாக அம்மாவைத் தூர ஊருக்குக் கூட்டிக்கொண்டு. வழியில் ஒரு பஸ் ஸ்டாண்டில் அம்மா உள்ளே போய் எட்டிப் பார்த்துவிட்டுச் சேலையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்தபடி அப்படியே திரும்பி வந்தாள். பத்து மணி நேரம் அடக்கிக்கொண்டே இருந்தாள். திரும்பி வந்த மறுநாள் குளிர்காய்ச்சல், ஆஸ்பத்திரிக் கட்டில், சிறுநீரகத்தில் சீழ் பிடித்திருக்கிறது என்றார் டாக்டர், 'தண்ணி குடிக்கறதே இல்லியா நீங்க, அப்படி என்ன சோம்பேறித்தனம்?' என்று அதட்டினார். அப்பாவும் டாக்டர் பக்கம் சேர்ந்துகொண்டு 'எத்தன தடவை சொல்றது' என்று ஆரம்பிக்க, மௌனிகாவுக்கு எங்கிருந்தோ வந்தது, வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி, 'ஒண்ணுக்குப் போக எடமில்லாமத்தான் அம்மா தண்ணியே குடிக்கறதில்ல, இதுகூடவா உங்களுக்குத் தெரியாது' என்று கத்திவிட்டாள். பக்கத்துக் கட்டில் அக்கா வாயை முந்தானையால் மூடிக்கொண்டது. அப்பா முகம் என்னவோ ஆயிற்று, கோபம் இல்லை, பஸ்ஸை ஓட்டிக்கொண்டே இருந்தவரை யாரோ தோளைத் தட்டி 'பாதிப் பேரை ஏத்தாம வந்துட்டீங்க' என்று சொன்னது மாதிரி. அதுக்கு அப்புறம் அம்மா பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் எங்கேயும் போனதில்லை. தூத்துக்குடியில் உமையாள் பெரியம்மா வீடு கட்டி ஒன்பது வருஷம். அம்மா அதைப் போனில்தான் பார்த்திருக்கிறாள், 'அக்கா, அந்த மேற்கு ஜன்னலக் காட்டு, கீழ என்ன செடி வச்சிருக்கற' என்று வாரத்துக்கொரு தடவை. எத்தனை படி, எந்த ரூமில் மின்விசிறி சத்தம் போடும், எல்லாம் மனப்பாடம். வாசல் மிதித்ததில்லை.

சரி, அதுக்காக? கண்ணாடி உடைந்தால்? திண்டுக்கல் தாண்டி ஒரு லாரி டயரிலிருந்து கல் தெறிக்கும், முன்கண்ணாடி சிலந்தி வலை மாதிரி விரியும், அப்புறம் இதே மாதிரி ஒரு ஷெட்டில் இது படுத்துவிடும், மழையில் துருப்பிடித்து, உள்ளே பூனை குட்டி போட்டு. அம்மா ஒரே ஒரு தடவை போய்விட்டு வந்து, பாதியில் நின்று, இனிமேல் கேட்கவே மாட்டாள். ஆசை காட்டி நிறுத்துவதைவிட ஆசையே காட்டாமல் இருக்கலாம். அதுதான் குழப்பம். இதைச் சொல்லிவிடலாம், சொல்வது இவளுக்கு ஒரு கஷ்டமும் இல்லை, இதுவரைக்கும் வாய்க்குள் எதையும் மூன்று நிமிஷத்துக்கு மேல் வைத்திருந்ததில்லை. ஆனால் இரண்டு நாளாக ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறாள், தொண்டையில் மீன்முள் மாதிரி. வெள்ளிக்கிழமை பூக் கேட்கப் போனார்கள். இவர்கள் பக்கத்தில் நிலம், கல்யாணம், மாடு, வண்டி எதுவானாலும் அம்மன் உத்தரவு இல்லாமல் நடக்காது. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் செவ்வரளி, ஒன்றுபோல மடித்துத் தட்டில் வைப்பார்கள், கன்னிப் பொண்ணு ஒன்றை எடுக்க வேண்டும், வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் விட்டுவிடு. எப்போதும் பூசாரி மடிப்பார். அன்றைக்குத் தேங்காய் உடைத்ததில் பூசாரிக்கு விரல் கிழிந்து கட்டுப் போட்டிருந்தார், 'நீங்களே மடிச்சு வெச்சிருங்க' என்றார். அப்பா கோயிலுக்குப் பின்னால் பூப் பறிக்கப் போனார். இவள் குழாயில் கால் கழுவிவிட்டு வருவதற்குள் தட்டில் பொட்டலம் தயார். எடுத்தாள். வெள்ளை. அம்மா இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள், அப்பா 'ம்' என்றார். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் கிணற்றில் போட வேண்டும், அதுதான் முறை. கிணற்றடிக்குப் போகிற வழியில் மௌனிகா பிரித்தாள். பழக்க தோஷம், மடித்த எதைப் பார்த்தாலும் பிரித்துப் பார்க்கிற கை. அதிலும் வெள்ளை.

இரண்டிலும் வெள்ளை. அப்பா. சில்லறை பாக்கியை ஓடிப்போய்க் கொடுக்கிற அப்பா, முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூட சிக்னல் தாண்டாத அப்பா, அம்மன் முன்னால் கள்ளப் பொட்டலம் மடித்திருக்கிறார். முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் கோபம், அப்புறம் என்ன என்று தெரியாத ஒன்று, கண்ணெல்லாம் கரித்தது. அம்மாவுக்காகச் சாமியையே ஏமாற்றுகிறவரை என்ன சொல்வது. கட்டிக் கொள்ளலாம் போலவும் இருந்தது, 'என்ன அப்பா இது' என்று நடுக்கோயிலில் கேட்கலாம் போலவும் இருந்தது. பூவைக் கிணற்றில் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டாள். ஆனால் மூடிக்கொண்டு வந்ததில் ஒரு சிக்கல். 'அம்மனே சொல்லியாச்சு' என்று அம்மா இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அம்மன் எங்கே சொன்னாள்? யாருமே சொல்லவில்லை. அப்படியென்றால் சொல்ல வேண்டியது மௌனிகா ஒருத்திதான். அம்மன் பொறுப்பு இவள் தலையில். பதினெட்டு வயசு, பெட்ஷீட்டில் கறை பார்க்கிறவள், இவள் போய். மணி பதினொன்று ஐம்பத்து மூன்று. இதுவரை பன்னிரண்டு அம்பு.

காலையில் பாய் எல்லாவற்றையும் காட்டிக்கொண்டே வந்து, சின்னக் கதவைத் திறந்து, 'இது பாத்ரூமு. அடியில பெட்டி, பின்பக்கமா இழுத்துக் கொண்டுபோயி கக்கூஸ்ல கொட்டிக்கலாம்' என்றபோது, அம்மா முதல் தடவையாக வாயைத் திறந்தாள். 'அதை யாருங்க கொட்டறது?' பாய் தலையைச் சொறிந்தார். 'க்ளீனர் யாராச்சும்...' 'நான் கொட்டறேன்' என்றார் அப்பா. டயரைக் காலால் தட்டிப் பார்த்துக்கொண்டே, நிமிராமல், 'அதுல என்ன' என்று. அம்மா தலைகுனிந்து காது வரைக்கும் சிவந்துபோனாள், கல்யாணப் பொண்ணு மாதிரி. பாயோட வெல்டர் ஒருத்தன் சிரிப்பை அடக்கக் கண்ணாடியை முகத்தில் இறக்கிவிட்டுக்கொண்டான். மௌனிகாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

டிரைவர் சீட் ஜன்னலில் டொக் டொக். அப்பா. நெற்றியில் கிரீஸ், கையில் வேஸ்ட் துணி. இவள் முன்னால் வந்து கண்ணாடியை இறக்கினாள், அது பாதியில் நின்றது, பதிமூணு. அப்பா பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். 'கண்ணு, அடியெல்லாம் நல்லாருக்குது. ஆனா ஒண்ணு சொல்றேன், உங்கம்மாகிட்டச் சொல்லாத. வெள்ளிக்கிழமை நான் செவப்புதான் வரோணும்னு வேண்டிக்கிட்டேன்.' இவளுக்குப் புரியவில்லை. 'செவப்பா? ஏம்ப்பா?' 'உம்பட காசு. நாளைக்கே படிக்கிறேன்னு நீ வந்து நின்னா நான் என்ன சொல்லுவேன்? இந்தக் கண்ணாடிய நெனச்சா வேற பயமா இருக்குது. செவப்பு வந்திருந்தா உங்கம்மாளும் மனசத் தேத்திக்குவா, பழியும் நம்ம மேல இல்ல.' 'அப்ப நீங்க பொட்டலம்...' 'நான் பூப் பறிச்சுக் குடுத்தேன், அவ்வளவுதான். மடிச்சது உங்கம்மா. ஏன்?' 'ஒண்ணுமில்ல.' 'ஏன் கண்ணு?' 'ஒண்ணுமில்லைங்கறேன்ல.' அப்பா அவள் முகத்தையே பார்த்தார். மௌனிகா ஒன்றுமில்லை என்று சொல்லி அவர் கேட்டதே இல்லை.

உங்கம்மா. எனக்கெதுக்கு என்கிற அம்மா. சீட்டு நுனியில் உட்காருகிற, முந்திரியைப் பொறுக்கி அடுத்தவர் தட்டில் போடுகிற வசந்தாமணி, பூசாரி அந்தப் பக்கம் திரும்பின நேரத்தில் இரண்டு வெள்ளைப் பூவை எடுத்து இரண்டு காகிதத்தில் மடித்து, செவ்வரளியை எங்கே போட்டாளோ, கைப்பையில் போட்டாளோ, மடித்துவிட்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரிக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கிறாள். கன்னத்தில் போட்டது பக்தி இல்லை, மன்னிச்சுக்க தாயே என்று. நாற்பத்தாறு வயது வரைக்கும் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், அதையும் வாயால் கேட்கத் தெரியாமல் திருடிக் கேட்டிருக்கிறாள். ஐயோ அம்மா. அதை அப்பா செய்தார் என்று நினைத்தபோது கண் கரித்ததே, அது ஒன்றுமே இல்லை.

திரும்பினாள். சோபாவில் அம்மா இல்லை. சின்னக் கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து தாழ்ப்பாள் சத்தம், டக். திறக்கிற சத்தம். மறுபடி டக். திறந்து, மறுபடி டக். மூன்று தடவை. மௌனிகாவின் கால் தானாகப் போய்க் கதவின் அடியை அழுத்தி நின்றது, அப்புறம்தான் அவளுக்கே உறைத்து எடுத்தாள். 'இருக்கியா கண்ணு?' 'இருக்கேம்மா.' அரை நிமிஷம். இரண்டாவது 'இருக்கியா' வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அதுக்குப் பதிலாக, அட, உள்ளே ஒரு சின்னச் சிரிப்பு, தனக்குத்தானே. கதவு திறந்தது. அம்மா வந்து சோபாவில் உட்கார்ந்தாள், சாய்ந்து, முதுகு முழுக்கப் படும்படி. 'தாப்பா நல்லா விழுகுது' என்றாள். கைப்பையைத் திறந்தாள், நீல மூடி பாட்டிலை எடுத்தாள். யாருக்கு, எனக்குத் தாகமில்லையே என்று மௌனிகா சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா மூடியைத் திருகி, அண்ணாந்து, உதட்டில் படாமல் ஊற்றிக்கொண்டாள். மடக் மடக் என்று. கழுத்து ஏறி இறங்கியது. ஒரு கோடு தண்ணீர் தாடையில் இறங்கி ரவிக்கைக்குள் போயிற்று, துடைக்கவில்லை. நிறுத்துவாள், இதோ நிறுத்துவாள் என்று மௌனிகா பார்த்துக்கொண்டே நின்றாள். பாட்டிலின் அடிப்பக்கம் கூரை ஜன்னலைப் பார்த்து நின்றது.

வாசல் படியில் பாயும் அப்பாவும் வந்து நின்றார்கள். தூரத்தில் பைபாஸில் ஒரு கார் ஹாரன், ஊட்டிப் பார்ட்டியாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். 'என்ன பாப்பா, ஸ்டிக்கர் எத்தனை?' என்றார் பாய். 'பதிமூணு.' 'ஆத்தாடி. அப்ப வேண்டாம்ங்கறீங்க.' மௌனிகா அப்பாவைத்தான் பார்த்தாள். 'அப்பா, அம்மா தண்ணி குடிச்சுட்டாங்க.' பாய்க்கு ஒன்றும் புரியவில்லை. 'குடிக்கட்டுமே பாப்பா, நம்மகிட்ட கேன் இருக்குதே, ஐஸ் தண்ணி வேணும்னாலும்...' அப்பா கை துடைத்துக்கொண்டிருந்தவர், துடைப்பதை நிறுத்தினார். 'எவ்வளவு?' என்றார். 'பாட்டிலே காலி.' வேஸ்ட் துணியை நான்காக மடித்தார், மறுபடி பிரித்தார். அப்புறம், 'பாய், ஊட்டிக்காரங்களுக்குப் போன் போட்டு வர வேண்டாம்னு சொல்லிருங்க' என்றார்.

உள்ளேயிருந்து அம்மா எழுந்திருக்காமலே கையை நீட்டினாள். 'ஏனுங்க, பாய்கிட்டக் கேன் இருக்குதுங்கறாரே. இதைக் கொஞ்சம் ரொப்பிக்கிட்டு வாங்களேன்.'